சைக்கிள் வாரம்: நம் தெருக்களில் நாம் பார்க்காமல் விட்டவை



நம் அறக்கட்டளை நடத்திய சைக்கிள் வாரம் முடிந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. முடிந்த மறுநாளே எழுதியிருந்தால், எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு தூரம் ஓட்டினார்கள், யாருக்குப் பரிசு என்று இரண்டு பத்திகளில் இந்தச் செய்தி முடிந்திருக்கும். ஆனால் அந்த ஏழு நாட்களில் எதிர்பாராமல் தெரியவந்த சில விஷயங்கள் வீட்டுக்கு வீடு போய்ச் சேர வேண்டியவை. குறிப்பாக, பள்ளிக்குச் சைக்கிளில் போகும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மதரஸா மண்டபத்தில் நாம் நடத்திய இலவச மருத்துவ முகாமில்தான் இந்த யோசனை பிறந்தது. சர்க்கரைப் பரிசோதனை வரிசைதான் அன்று எல்லாவற்றிலும் நீளம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் வெளியானபோது, நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேல் என்று செய்தி வந்தது. அன்றைய வரிசையைப் பார்த்தவர்களுக்கு அதில் வியப்பு இருந்திருக்காது. மருத்துவர் ஒவ்வொருவரிடமும் "தினம் நடக்கிறீர்களா?" என்று கேட்டார். பள்ளிவாசலுக்கு முந்நூறு அடி தூரத்தில் இருப்பவர்கள்கூட வண்டியில் வந்து தொழுதுவிட்டு வண்டியில் திரும்புகிறவர்கள்தாம். நானும் அதில் ஒருவன். முழங்கால் வலிக்கிறது, நடக்க முடியவில்லை என்று சொன்னவர்களுக்கு அவர் சைக்கிளைப் பரிந்துரைத்தார். உடலின் எடையை இருக்கை தாங்கிக்கொள்வதால் மூட்டுக்குப் பாரம் குறைவு என்பது அவர் சொன்ன காரணம்.

சனிக்கிழமை தொடங்கி வெள்ளி வரை, சுபுஹு தொழுகை முடிந்ததும் ஜும்ஆ பள்ளிவாசல் வாசலில் இருந்து புறப்படுவது என்று முடிவானது. மேலத்தெரு, கறிக்கடை முக்கு, ரயில்வே கேட், உப்பளச் சாலை, கிழக்குக் கடற்கரைச் சாலையில் சிறிது தூரம், பிறகு சந்தை வழியாகத் திரும்பிப் பள்ளிவாசல். ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர். எட்டாம் வகுப்புப் பிள்ளை முதல் பேரன் எடுத்த பெரியவர்கள் வரை வந்தார்கள், அல்ஹம்துலில்லாஹ்.

முதலில் இலக்கு பற்றிச் சொல்லிவிடுகிறேன். இளைஞர்கள் முதல் நாளே போனில் செயலியைப் போட்டு, வாரத்துக்கு நூறு கிலோமீட்டர் என்று பந்தயம் கட்டினார்கள். மூன்றாம் நாள் அவர்களில் இருவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர்களோ, "எங்களால் அதெல்லாம் முடியாது தம்பி" என்று இலக்கே இல்லாமல் வந்தார்கள். இரண்டுமே சரியில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடல் உழைப்பு வேண்டும் என்கிறது. 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடம். ஆகவே எண்ண வேண்டியது நிமிடத்தை. தினம் அரை மணி நேரம் என்று ஐந்து நாள் ஓட்டினால் 150 வந்துவிடும். மிதமான வேகம் எது என்பதற்குக் கருவி வேண்டாம். பக்கத்தில் வருபவரிடம் பேச முடிய வேண்டும். பாட்டுப் பாடினால் மூச்சு வாங்க வேண்டும். நம் ஹஜ்ரத் இதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் திக்ரு செய்துகொண்டே ஓட்டலாம், கஸீதா பாடக் கூடாது" என்றார்.

முழங்கால் வலிக்கு வேகம் மட்டும் காரணம் இல்லை. இருவரின் சைக்கிளிலும் இருக்கை மிகத் தாழ்வாக இருந்தது. இருக்கையில் உட்கார்ந்து, மிதிகட்டை அடியில் இருக்கும்போது அதன் மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். மடங்கியிருந்தால் இருக்கையை உயர்த்துங்கள்.

சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். இரண்டாம் நாள் உப்பளச் சாலையில் ஒரு பெரியவர் திடீரென்று சைக்கிளை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டார். பனிக்காலத்துக் காலையில் சட்டை நனைய வியர்வை. கை நடுக்கம். கேட்ட கேள்விக்குப் பதில் குழறியது. வழக்கம்போல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சர்க்கரை இல்லாத தேநீர் மட்டும் குடித்துவிட்டு வந்திருக்கிறார். இன்சுலின் போடுபவர்களுக்கும் சிலவகை மாத்திரை எடுப்பவர்களுக்கும் வெறும் வயிற்றில் உடலை வருத்தினால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். ஒரு தம்பி பையில் பேரீச்சம்பழம் வைத்திருந்தார். மூன்றைக் கொடுத்துக் கால் மணி நேரம் உட்கார வைத்தோம், தெளிந்துவிட்டார். பழம் இல்லாவிட்டால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுக்கலாம். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐ அழையுங்கள். ஓட்டும்போது நெஞ்சில் இறுக்கம், இடது கை அல்லது தாடையில் வலி வந்தால் அன்றைய ஓட்டம் அத்தோடு முடிந்தது. "வாயுவாக இருக்கும்" என்று தள்ளிப்போட வேண்டாம். முகாமில் பார்த்துக்கொள்ளலாம் என்றும் காத்திருக்க வேண்டாம்.

இனி, இந்தக் கட்டுரையை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்றாம் நாள் திங்கட்கிழமை. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளை கூட்டத்தில் பின்தங்கிவிட்டான். கறிக்கடை முக்கில் திரும்பும்போது நாய்கள் துரத்தியிருக்கின்றன. வேகமாக மிதித்திருக்கிறான். ஒன்று கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. அவன் யாரிடமும் சொல்லவில்லை. அது அவன் காக்காவின் சைக்கிள்; கேட்காமல் எடுத்து வந்தது. சொன்னால் வாப்பாவிடம் அடி விழும் என்ற பயம். நீளக் கால்சட்டை போட்டு மறைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனான், மதரஸாவுக்கும் வந்தான். மறுநாள் மஃரிபுக்கு ஹவுளில் ஒளு செய்யக் காலைக் கழுவியபோதுதான், பக்கத்தில் இருந்த நம் மோதினார் பல் பதிந்த தழும்பைப் பார்த்தார்.

அதாவது, முழுதாக ஒன்றரை நாள் போய்விட்டது. மோதினார் அன்று வேறு பக்கம் உட்கார்ந்திருந்தால்? இந்தக் கேள்வி இன்றும் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது.

வீட்டில் சொன்னதும் ஒருவர் சுண்ணாம்பு எடுத்து வந்தார், ஒருவர் காப்பித்தூள் என்றார், பாட்டியார் தண்ணீர் ஓதி வாங்கி வரச் சொன்னார். ஓதுவதை நான் மறுக்கவில்லை. துஆ செய்யட்டும், மருத்துவமனைக்குப் போகும் வழியிலும் செய்யலாம். மருந்தைத் தேடுமாறு நபி (ஸல்) அவர்களே நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் கடிவாயில் சுண்ணாம்போ மிளகாயோ மஞ்சளோ வைப்பது பெரும் தவறு. அது புண்ணைக் கிளறி, கிருமியை உள்ளே தள்ளும்.

ரேபிஸ் கிருமி ரத்தத்தின் வழியாகப் பரவுவதில்லை. கடிபட்ட இடத்து நரம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல மூளைக்கு ஏறுகிறது. இதற்குச் சில வாரங்களோ மாதங்களோ ஆகலாம். இந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் அவகாசம். தண்ணீரைக் கண்டு தொண்டை இறுகுவது போன்ற அறிகுறிகள் தொடங்கிவிட்டால் உயிர் பிழைப்பது மிக மிக அரிது. அதற்கு முன் தடுப்பூசி போட்டுவிட்டால் பயமில்லை. அதனால் செய்ய வேண்டியது இதுதான். குழாய்த் தண்ணீர் ஓடவிட்டு, சோப்புப் போட்டு, கடிகாரம் பார்த்துப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். நேரம் கடந்திருந்தாலும் கழுவுங்கள். கட்டுப் போட்டு இறுக்க வேண்டாம், தையலுக்கு அவசரப்பட வேண்டாம். அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். ஊசிக்குக் காசில்லை. தோலுக்குள் போடும் முறையில் முதல் ஊசி போடும் நாள், அதிலிருந்து 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் என்று நான்கு முறை. முன்போல் தொப்புளைச் சுற்றிப் போடுவதெல்லாம் இப்போது இல்லை, கையில்தான். ரத்தம் வரக் கடித்திருந்தால் கடிவாயைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற இன்னொரு மருந்தும் போட வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள். குட்டி நாய், வீட்டு நாய், பூனைக் கீறல் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். கடித்த நாயைப் பத்து நாள் பார்த்துவிட்டு ஊசி போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முதலில் ஊசி, பிறகு நாயைப் பாருங்கள்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். "நாய் கடித்தால், கீறினால், நக்கினால்கூடச் சொல், அடிக்க மாட்டேன்" என்று இன்றே உங்கள் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். சொன்னபடி அடிக்காமலும் இருங்கள். அந்தப் பிள்ளையின் வாப்பாவிடம் நான் பேசியபோது அவர் அழுதுவிட்டார். "என் மேல் இருந்த பயம் நாய் மேல் இல்லையே" என்றார்.

சைக்கிளை நாய் ஏன் துரத்துகிறது? சுழலும் சக்கரமும் ஏறி இறங்கும் காலும் ஓடுகிற இரையைப் போல் தெரிவதால், துரத்தும் இயல்பு தூண்டப்படுகிறது. வேகம் கூட்டினால் துரத்தலும் கூடும். நின்றுவிடுங்கள். இறங்கி, சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணை உற்றுப் பார்க்காமல், ஓடாமல், மெல்லத் தள்ளிக்கொண்டே விலகுங்கள். பெரும்பாலும் அதன் எல்லையைத் தாண்டியதும் விட்டுவிடும். இதைப் பிள்ளைகளுக்கு வாயால் சொன்னால் போதாது. ஐந்தாம் நாள் பள்ளிவாசல் வாசலில் இறங்கிக் காட்டிப் பழக்கினோம்.

ஆனால் அந்த முக்கில் மட்டும் ஏன் அவ்வளவு நாய்கள்? ஞாயிற்றுக்கிழமைக் கறி வியாபாரத்தின் கழிவு திங்கட்கிழமை காலை வரை அங்கேதான் கிடக்கிறது. திருமண மண்டபத்தின் பின்புறமும் அதே கதை. சஹனில் மிஞ்சும் சோறும் எலும்பும் மதில் ஓரத்தில் கொட்டப்படுகின்றன. தீனி கிடைக்கும் இடத்தில் நாய் கூடும், கூடும் இடத்தில் எல்லை பிடிக்கும், எல்லை பிடித்தால் துரத்தும். வாராவாரம் நாமே விருந்து வைத்து வரவழைத்துவிட்டு, நாய்த் தொல்லை என்று மனு எழுதுகிறோம்.

விஷம் வைத்துவிடலாம் என்று இரண்டொருவர் சொன்னது என் காதுக்கு வந்தது. தாகத்தால் தவித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் மொண்டு கொடுத்தவருக்கு அல்லாஹ் மன்னிப்பு அளித்ததாக நபி (ஸல்) அவர்கள் சொன்ன சம்பவத்தைச் சிறு வயதில் இருந்தே ஓதியவர்கள் நாம். சட்டப்படியும் அது குற்றம். விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் 2023இன்படி, நாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டியது உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு. அதைச் செய்யக் கோரி ஜமாஅத் சார்பில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். கறிக்கடைக்காரர்களுடன் பேசி, மூடியுள்ள தொட்டிகள் வைத்து அன்றைய கழிவை அன்றே அப்புறப்படுத்த ஏற்பாடாகியிருக்கிறது. தொட்டிக்கான செலவு அறக்கட்டளையுடையது. மண்டபத்தில் திருமணம் வைப்பவர்கள் இனி பதிவின்போதே கழிவு எடுக்கும் செலவையும் சேர்த்துக் கட்ட வேண்டியிருக்கும். சிலருக்கு இதில் மனக்குறை இருப்பது தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் நாள் நடந்ததைச் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. மேலத்தெருவில் ஒரு வீட்டு வாசல் சாய்தளம் தெருவுக்குள் நீண்டிருந்ததால், ஒரு சகோதரர் அதைத் தவிர்க்க நடுத்தெருவுக்கு ஒடித்தார். பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் உரசிக் கீழே விழுந்தார். முழங்கை தோல் போனதோடு தப்பினார். அந்தச் சாய்தளம் என் வீட்டுடையது.

நம் தெருக்களில் இது எப்படி வந்தது என்று யோசித்தேன். பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுச் சாலை போடுவார்கள். தெரு உயரும், மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வரும். வீட்டை உயர்த்திக் கட்டுவோம். பிறகு வண்டி ஏற்ற வேண்டுமே என்று நான்கடி சாய்தளத்தைத் தெருவில் இறக்குவோம். இரு பக்கமும் நான்கு நான்கு அடி போனால், மீதி இடத்தில்தான் ஆட்டோவும் சைக்கிளும் ஓதப் போகும் சிறு பிள்ளைகளும். தெருவில் உட்காருகிறவர்களையே பாதையின் உரிமையைக் கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அந்த உரிமைகளில் ஒன்று பிறருக்குத் தொல்லை தராமல் இருப்பது. மதரஸாவில் நான் பாடம் எடுத்த ஹதீஸ் அது. சாய்தளத்தை இடித்துவிட்டு, வாசற்படிக்குள் மடக்கி வைக்கும் இரும்புப் பலகை செய்துகொண்டேன். ஆன செலவு எவ்வளவு என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். வாருங்கள், வீட்டிலேயே பார்க்கலாம்.

வேகத்தடைகளும் நம் கைவேலைதான். மண்டபத்துக்கு முன்னால் இருப்பது, ஒரு விபத்துக்குப் பிறகு நாமே சிமெண்டு வாங்கி இரவோடு இரவாகப் போட்டது. ஒரு முழம் அகலம், அரை முழ உயரம். இந்திய சாலைப் பேராயத்தின் விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டு மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும். வர்ணக் கோடும், முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகையும் வேண்டும். நாம் போட்டது சுவர். சுபுஹு முடிந்து வரும் அரை இருட்டில் அது கண்ணுக்கே தெரியவில்லை. முதல் நாள் மூன்று பேர் அதில் தடுமாறினார்கள். உரிய துறையிடம் எழுதிக் கொடுத்து முறையாக அமைக்கக் கேட்டிருக்கிறோம். அதுவரை வெள்ளை வர்ணம் அடித்திருக்கிறோம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரயில் தண்டவாளத்தைச் சாய்வாகக் கடக்காதீர்கள். சக்கரம் இடுக்கில் இறங்கிவிடும். நேர்குறுக்காகக் கடங்கள், பனி ஈரமாக இருந்தால் இறங்கித் தள்ளுங்கள். வீடு கட்டுபவர்கள் கொட்டிய மணல் வளைவில் பரவியிருந்தால் அங்கே பிரேக் பிடிக்காதீர்கள். மின்கம்பத்திலும் அதன் ஸ்டே கம்பியிலும் சைக்கிளைச் சாய்க்காதீர்கள். நம்முடையது கடலோரம், உப்புக் காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடித்து அறும். அறுந்த கம்பியைக் கண்டால் அருகில் யாரையும் விடாமல் மின்னகம் எண் 94987 94987க்குச் சொல்லுங்கள். கைலி கட்டிக்கொண்டு ஓட்டாதீர்கள். இரண்டு பேருக்குச் சங்கிலியில் சிக்கியது. பின்னால் உட்காரும் பெண்கள் புர்காவின் ஓரத்தையும் துப்பட்டாவையும் மடியில் சுருட்டிக்கொள்ளுங்கள். கடற்கரைச் சாலையில் அந்த நேரத்தில் மீன் வண்டிகள் பறக்கின்றன. நான்காம் நாள் முதல் அந்தப் பகுதியை விட்டுவிட்டோம். சைக்கிளின் பின்பக்கம் ஒட்ட ஒளிரும் நாடாவை அறக்கட்டளை அலுவலகத்தில் இலவசமாகத் தருகிறோம்.

மீன் வண்டியைவிட எங்களை அதிகம் பயமுறுத்தியது நம் வீட்டுப் பிள்ளைகள். உரிமம் எடுக்கும் வயது வராதவர்கள், வாப்பா வெளிநாட்டில் இருந்து வாங்கிக் கொடுத்த மோட்டார் சைக்கிளில் சந்துக்குள் பறக்கிறார்கள். 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, பதினெட்டு வயது நிரம்பாதவர் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. விபத்தில் யாராவது அடிபட்டால் தயங்காமல் தூக்குங்கள். உதவியவரைக் காவல் துறை அலைக்கழிக்கக் கூடாது என்று அதே சட்டம் பாதுகாப்புத் தருகிறது. முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் "இன்னுயிர் காப்போம்" திட்டமும் இருக்கிறது.

வாரம் முடிந்த அன்று ஜும்ஆவுக்குப் பிறகு பரிசு கொடுத்தபோது, பெண்கள் பக்கத்தில் இருந்து ஒரு சீட்டு வந்தது. "சர்க்கரை எங்களுக்கும்தான் இருக்கிறது, எங்களுக்கு எப்போது?" என்று எழுதியிருந்தது. நியாயம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தபோது, ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டப் பழகினார்கள். நம் சமுதாயப் பெண்களும் அவர்களில் இருந்தார்கள். பெண்கள் மதரஸாவின் உள் மைதானத்தில், அஸருக்குப் பிறகு, பெண் பயிற்றுநரை வைத்து வகுப்பு நடத்த நிர்வாகம் ஒப்புக்கொண்டிருக்கிறது. பெயர் கொடுக்க விரும்பும் சகோதரிகள் மதரஸா ஆலிமாவிடம் கொடுக்கலாம். அரசு தரும் விலையில்லாச் சைக்கிளை வாங்கி மாடிப்படியின் அடியில் நிறுத்தி வைத்திருக்கும் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அதையே கொண்டு வரலாம்.

அடுத்த சைக்கிள் வாரம் இன்ஷா அல்லாஹ் ரமலானுக்குப் பிறகு. அதற்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் வாசலில் சைக்கிள் கடைக்காரர் ஒருவர் பிரேக், சங்கிலி, டயர் பார்த்துக் கொடுப்பார். நாள் பலகையில் எழுதப்படும்.

அந்தப் பிள்ளைக்கு மூன்று ஊசிகள் முடிந்துவிட்டன. நான்காவது வரும் செவ்வாய்க்கிழமை. பள்ளிக்கூடம் விட்டதும் அவனை அழைத்துக்கொண்டு போவதாக அவன் காக்கா சொல்லியிருக்கிறார், அதே சைக்கிளில்.